தக்காளி ஏழு புள்ளியில் தோற்ற மத்தியானம்

டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பியக் கிளப் கூடைப்பந்துக்காகப் பல வருடம் உழைத்தவன் எழுதுகிறான் என்றதும் ஆறடி உயரம், முழங்காலில் பழைய காயம் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். என் உயரம் ஐந்தடி நான்கு. அதுவும் ஷூவைக் கழற்றாமல் அளந்தால். கூடைப்பந்தை நான் கடைசியாகக் கையில் எடுத்தது நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில். பக்கத்து வீட்டுக்காரருடைய பந்து என் காருக்கடியில் போய்விட்டது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். திரும்ப நிமிர்வதற்கு அவர்தான் கை கொடுத்தார்.

பிறகு எப்படி இந்த வேலை? மத்தியானங்களில் சும்மா இருந்தேன், அதுதான் தகுதி. ஒரு வங்கியின் பழைய கம்ப்யூட்டர்களை மேய்த்துக்கொண்டிருந்த உத்தியோகம் போனபின், வீட்டில் உட்கார்ந்து சமையலறைப் பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கத் தொடங்கினேன். என் மனைவி இரண்டு நாள் பொறுத்தாள்.

“நீங்களா வேலை தேடுறீங்களா, இல்ல நான் தேடித் தரட்டுமா?” என்றாள். கையில் துவரம்பருப்பு டப்பா இருந்தது. குரலும் அதற்கேற்ப இருந்தது.

ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நியூ ஜெர்சியில் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து சேரும். கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் எல்லாரும் ரயிலேறி மன்ஹாட்டனில் சாயங்கால வேலைக்குப் போய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்காமல் உட்காரக்கூடிய ஆள் தேவைப்பட்டது. தூங்க மாட்டேன் என்று இன்டர்வியூவில் கூசாமல் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

நம் டெஸ்க் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே, அதற்காக ஒருமுறை சொல்கிறேன். ஐரோப்பாவிலிருந்து ஆட்டத்தின் படம் மட்டும் வரும். ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக்கடைக்கு மாடியில் இருக்கும் நாம் அதற்கு ஆங்கில வர்ணனை சேர்ப்போம், திரையின் அடியில் ஸ்கோர் பட்டை போடுவோம், விளம்பரம் நுழைப்போம், ஓர் அமெரிக்கச் சேனலுக்கு அனுப்புவோம். இதில் என் பங்கு ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் விளம்பரம். இன்னொருமுறை அழுத்தினால் ஆட்டம். இவ்வளவுதான். ஊரிலிருந்து போன் செய்பவர்களிடம் “மீடியாவில் இருக்கேன்” என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு பொத்தானில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து விளம்பரத்துக்காகவே நின்று நின்று போகும். ஐரோப்பாக்காரர்கள் நிற்க மாட்டார்கள். கோச் டைம் அவுட் கேட்டால் ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்துக்கு நேரே ஒரு மைக்கை நீட்டிவிடுவார்கள். பத்து நாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு பாஷை வேண்டுமே என்று, அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திட்டுவார். ஏழடி உயரக் கோடீஸ்வரன் ஒருவன் தலையைத் தொங்கப் போட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். பார்வையாளர்களுக்கு ஆட்டத்தைவிட இது பிடிக்கும். ஆனால் நம் ஸ்பான்சரான பீட்சாக் கம்பெனிக்கும் அதே ஒரு நிமிடம்தான் வேண்டும். கோச்சா, பீட்சாவா? நம் தொழிலின் வேதாந்தம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

நான் சொல்லவந்தது என் கடைசி சீசனைப் பற்றி. அது ஆரம்பித்ததே சரியில்லை. அக்டோபர் கடைசியில் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அமெரிக்காவில் ஒரு வாரம் கழித்துத் தள்ளுவார்கள். இடைப்பட்ட வாரத்தில் ஆட்டங்கள் நமக்கு மூன்று மணிக்கு வரும். யாரும் கடிகாரத்தைத் தொடாத ஊரிலிருந்து வந்தவன் நான். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு அசாத்தியப் பெருமை. டெஸ்க்கில் எல்லாரையும் கூப்பிட்டு வகுப்பு எடுத்தேன். மறுவாரம் அமெரிக்காவும் தள்ளிக்கொண்டு, ஆட்டம் பழையபடி இரண்டு மணிக்குத் திரும்பியபோது, என்னிடம் வகுப்புக் கேட்ட அத்தனை பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். நான் மூன்று மணிக்கு, கையில் காப்பியுடன், சாவகாசமாக வந்தேன்.

“கிளாஸ் நல்லா இருந்துச்சு அங்கிள்,” என்றாள் வித்யா. “வாத்தியாரும் அட்டெண்ட் பண்ணியிருக்கலாம்.”

வித்யா மதுரைப் பெண். வயது முப்பதுக்குள். ஸ்கோர் பட்டையும் புள்ளிப்பட்டியலும் அவள் பொறுப்பு. எனக்குப் பக்கத்து நாற்காலி. வந்த முதல் நாளே என்னை அங்கிள் என்றாள். “ஆபீஸ்ல அங்கிள் எல்லாம் வேண்டாம்மா,” என்றேன். “சரி அங்கிள்,” என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் ஹெச் ஒன் விசாவில் இருந்தாள். அந்தக் கோடையில் விசாவை நீட்டிக்க வேண்டும். கம்பெனி நீட்டிக்க வேண்டுமென்றால் டெஸ்க் இருக்க வேண்டும். டெஸ்க் இருக்க வேண்டுமென்றால் சேனல் அடுத்த சீசனுக்கும் காண்ட்ராக்ட் தர வேண்டும். தராவிட்டாலும் எனக்குப் பருப்பு டப்பாக்கள் இருக்கின்றன. வித்யாவோ இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். அந்த சீசன் முழுக்க இந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. இருவரும் அதை மட்டும் பேசியதில்லை.

இப்போது காய்கறி விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய கிளப்புகளுக்கு ஸ்பான்சர் மாறினால் பெயரும் மாறும். இந்த வருடம் வங்கியின் பெயர், அடுத்த வருடம் காப்பிக் கம்பெனியின் பெயர். மூச்சுப் பிடித்துச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி கூடை போட்டுவிடுவான். அதனால் எங்களுக்குள் சட்டையின் நிறத்தை வைத்துப் பெயர் சூட்டியிருந்தோம். சிவப்பு அணி தக்காளி. ஊதா அணி கத்திரி. பச்சை கொத்தமல்லி. ஹெட்செட்டில் “தக்காளி டைம் அவுட்!” என்றால் போதும், எல்லார் கையும் தானாக நகரும். உலகத்திலேயே மிக வேகமான டெஸ்க் நாங்கள் என்று ஒரு நினைப்பு.

நவம்பரில் ஒருநாள் தக்காளியின் ஊரில் தக்காளிக்கும் கத்திரிக்கும் ஆட்டம். ஆரம்பிப்பதற்கு முன் ஸ்கோர் பட்டையைச் சோதிக்க வித்யா விளையாட்டாக THAKKALI, KATHIRI என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தாள். எல்லாரும் சிரித்தோம். ஆட்டம் ஆரம்பித்தது. முதல் குவார்ட்டர் போயிற்று. இரண்டாவது போயிற்று. யாரும் மாற்றவில்லை. மறந்தோம் என்று நினைக்காதீர்கள்; நான் நிமிடத்துக்கு நான்கு முறை அந்தப் பட்டையைப் பார்த்தேன். வித்யாவும் பார்த்தாள். எங்கள் இருவர் கண்ணுக்கும் அது முழுக்க முழுக்கச் சரியாகத்தான் தெரிந்தது. தக்காளி ஆடுகிறது, தக்காளி என்று போட்டிருக்கிறது. இதில் என்ன தப்பு?

எங்கள் வர்ணனையாளர் டேவ் கார் டீலர்களின் ரேடியோ விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கர். தங்கமான மனிதர். ஸ்பான்சர் மறுபடியும் மாறிவிட்டது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டார். மூன்றாவது குவார்ட்டரில் அமெரிக்கா முழுவதற்கும் கணீரென்று அறிவித்தார்: “தகாலி மேலே போகிறது! காதிரியிடம் பதில் இல்லை!”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ‘டேவ் உச்சரிப்பு தேறிட்டாரே’ என்றுதான் நினைத்தேன்.

தக்காளி 84, கத்திரி 76 என்று ஆட்டம் முடிந்தது. மறுநாள் காலை சேனலிலிருந்து மெலிசா கூப்பிட்டாள். எங்கள் காண்ட்ராக்டைக் கவனிப்பவள் அவள்தான். மெலிசா கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த இரண்டு சொற்களும் எந்த மொழி, அதற்கு என்ன பொருள் என்று நிதானமாகக் கேட்டாள். எங்கள் மேனேஜர் சொன்னார். பிறகு, இன்னொரு முறை இப்படி ஏதாவது நடந்தால் கோடையில் நாம் பேச வேண்டிய அவசியமே இருக்காது என்றாள். சாட்சிக்கு அந்தக் கடைசி ஸ்கோரைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியும் வைத்தாள்.

வித்யா அன்று முழுக்க அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். சாயங்காலம் கிளம்பும்போது, “கண்ண மூடினா எம்பத்தி நாலு, எழுவத்தி ஆறுன்னு தெரியுது அங்கிள்,” என்றாள். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்து, “அப்ப கண்ண மூடாத,” என்றேன். ஆறுதல் சொல்வது என் துறை இல்லை.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. டெஸ்க்கில் இருக்கும் எல்லாருக்கும் சரியென்று படுகிற விஷயத்தை, டெஸ்க்கில் இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். கீழே புடவைக்கடையில் கேஷியர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டிருந்தால்கூட… இல்லை, அவரும் மாயவரம். அவருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும்.

குளிர்காலம் வம்பில்லாமல் ஓடியது. நான் பொத்தானை ஒழுங்காக அழுத்தினேன். பீட்சா ஓடியது. ஏப்ரலில் லீக் சுற்றின் கடைசி வாரம். மெலிசா நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். ஓர் ஆட்டத்தை எங்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள், அதன்பிறகு காண்ட்ராக்டைப் பற்றி முடிவு சொல்வாள். எந்த ஆட்டம் என்று பார்த்தால் தக்காளிக்கும் கத்திரிக்கும் இரண்டாவது ஆட்டம், இந்தமுறை கத்திரியின் ஊரில். அன்று காலை வித்யா அணிகளின் நிஜப் பெயரை அடித்து, எழுத்தெழுத்தாக என்னை உரக்கப் படிக்க வைத்தாள். ஸ்கூலில்கூட நான் அவ்வளவு பயந்து படித்ததில்லை.

மெலிசா ரயிலில் வந்து இறங்கி, என் நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள். உயரமான, அமைதியான பெண்மணி. முதல் பாதி கச்சிதமாகப் போயிற்று. இடைவேளையில் வித்யா அவளுக்கு முறுக்கு கொடுத்தாள். இருவரும் ஜன்னலோரம் நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். ‘ஆஹா, காண்ட்ராக்ட் வந்தாச்சு’ என்று நினைத்தேன். நான் நிம்மதியாக நினைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இதற்குள் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

மூன்றாவது குவார்ட்டரில் கத்திரியின் கோச் டைம் அவுட் கேட்டார். விளம்பரம் போக வேண்டிய இடம். அவரோ தன் அணியின் நட்சத்திரத்தை நோக்கி, “நீ டூரிஸ்ட்! காமிரா எங்கே? மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கித் தரட்டுமா?” என்று ஆரம்பித்துவிட்டார். என்னால் முடியவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் தீர்ந்துவிட்டது. பீட்சா போகவில்லை.

“ராஜ், அது ஒரு பிரேக்,” என்றாள் மெலிசா பின்னாலிருந்து.

“ஆமாம்,” என்றேன்.

“ஆட்டம் முடிவதற்குள் இன்னொரு இடம் கண்டுபிடித்துவிடுவீர்கள்தானே?”

“கண்டிப்பாக.” ஸ்பான்சருக்கு வாக்குக் கொடுத்த விளம்பரங்கள் எல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே ஓட வேண்டும், முடிந்தபின் ஓட்டினால் கணக்கில் சேராது. எனக்கு இன்னும் ஒரு டைம் அவுட் கிடைத்தால் போதும்.

கிடைத்தது. எப்போது தெரியுமா? ஆட்டம் முடிய எட்டு வினாடி இருக்கும்போது. கத்திரி 88, தக்காளி 79. ஒன்பது புள்ளி பின்னால் இருக்கும் தக்காளியின் கோச் டைம் அவுட் கேட்டார்.

டேவ் ஏற்கெனவே வழியனுப்பும் குரலுக்கு வந்துவிட்டார். “ஊதாச் சட்டைகளுக்கு அருமையான வெற்றி. சிவப்புச் சட்டைகளுக்கு சீசன் இத்துடன் முடிந்தது…” என்று கார் வாங்க வந்தவரை வாசல்வரை கொண்டுபோய் விடுவதுபோல் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இதுதான் இடம். பிரேக் போங்கள்,” என்றாள் மெலிசா. வினயமாகத்தான் சொன்னாள். என் விரல் பொத்தானுக்கு வந்துவிட்டது. எட்டு வினாடியில் ஒன்பது புள்ளி யாராலும் எடுக்க முடியாது. அமெரிக்காவில் இந்நேரம் பாதிப் பேர் பார்க்கிங் லாட்டில் இருப்பார்கள்.

“அங்கிள், போடாதீங்க!”

வித்யா. திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது.

“ஏம்மா? முடிஞ்சு போச்சே.”

“முடியல அங்கிள்! எட்டு! அன்னைக்கு எட்டு!”

“என்ன எட்டு?”

“எம்பத்தி நாலு எழுவத்தி ஆறு! தக்காளி எட்டுல ஜெயிச்சுது. இன்னைக்கு ஏழுல தோத்தா தக்காளிதான் உள்ள!”

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன்; எனக்கு அன்று விளங்கியதைவிட மெதுவாக. கத்திரி ஜெயித்து அந்த ஆட்டம் முடிந்தால் இரண்டு அணிகளுக்கும் வெற்றிகள் சமம். அடுத்த சுற்றுக்குப் போக மிச்சமிருப்பது ஒரே இடம். இந்தப் போட்டியில் இரண்டு அணிகள் சமமாக முடிந்தால், அவர்கள் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஆட்டத்தில் தக்காளி எட்டு புள்ளி முன்னால். இன்று ஒன்பதில் தோற்றால் வீட்டுக்கு. ஏழில் தோற்றால் அடுத்த சுற்றுக்கு. ஒரே ஒரு கூடை. இந்த விதி எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் எனக்குத் தெரிந்த விஷயங்கள் அவசரத்துக்குக் கைக்கு வருவதில்லை. வித்யாவுக்கோ அந்த ஸ்கோர் தூக்கத்தில்கூட வந்துகொண்டிருந்தது.

“அவள் என்ன சொல்கிறாள்?” என்றாள் மெலிசா.

“ஆட்டம் முடியவில்லை என்கிறாள்.”

“ஒன்பது புள்ளி, ராஜ். எட்டு வினாடி.”

திரையைப் பார்த்தேன். அரங்கில் ஒருவர்கூடக் கிளம்புவதற்காகக் கோட்டைக் கையில் எடுக்கவில்லை. தங்கள் அணி ஒன்பது புள்ளி முன்னால் இருக்கும் கூட்டம், ஒருவர் விடாமல் எழுந்து நின்று, வாய்மேல் கை வைத்திருந்தது. ஜெயிக்கும் கோச்சின் சட்டை முழுக்க வியர்வை. தோற்கும் கோச் கையில் மார்க்கரும் பலகையும் வைத்துக்கொண்டு கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது. உண்மையில் நான் திரையைவிட அதிகமாகப் பார்த்தது வித்யாவை. விளம்பரத்தை விட்டால் காண்ட்ராக்ட் போகும், காண்ட்ராக்ட் போனால் அவள் விசா போகும். அந்த அறையில் ‘போடுங்க அங்கிள், சீக்கிரம் போடுங்க’ என்று கெஞ்ச வேண்டிய ஒரே ஆள் அவள்தான். அவள் போடாதே என்கிறாள். நஷ்டம் யாருக்கோ அவரே வேண்டாம் என்று சொல்லும்போது நான் யார் பீட்சாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு?

விரலை எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்று கம்பீரமாகச் சொல்ல முடியாது. கையை மடியில் வைத்து அதன்மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டேன். பழக்கதோஷத்தில் அழுத்திவிடுமோ என்று பயம்.

“ராஜ்,” என்றாள் மெலிசா. இந்தமுறை வினயம் இல்லை.

மைக்கில் தக்காளி கோச்சின் குரல் வந்தது. “கேளுங்கள்! நாம் ஏழில் தோற்கிறோம். ஏழு! ஏழில் தோற்பது அழகு! எட்டு வேண்டாம், யாராவது மூணு பாயிண்ட் போட்டு ஹீரோ ஆகப் பார்த்தால் கொன்றுவிடுவேன். ரெண்டு போதும். ரெண்டு போடு, தோற்றுவிட்டு வா!”

டேவ் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். அவரது ரேடியோ வாழ்க்கையில் ஒரு கோச் தோல்விக்குத் திட்டம் போட்டுக் கேட்டதில்லை. “மன்னிக்கவும் மக்களே,” என்றார் கடைசியில். “நான் தப்பான வீட்டில் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.”

பந்து உள்ளே வந்தது. தக்காளி அணியிலேயே குட்டையானவன்தான் வாங்கினான். குட்டை என்றால் என்னைவிட ஓரடி உயரம். அவன் நேராகக் கூடையை நோக்கி ஓடினான். ஊதாச் சட்டைகள் நான்கு பேர் மறித்தார்கள். தொடவும் பயம்; தொட்டால் ஃபவுல், ஃபவுலுக்கு இலவச வீச்சு. அவன் அவர்கள் கைகளுக்கு மேலே பந்தை உயர்த்திப் போட்டான். வளையத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. வித்யா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டைக்குள் இருந்த கையையும் சேர்த்து.

விழுந்தது. மணி அடித்தது. 88-81.

தோற்றவர்கள் ஆடினார்கள். ஒருவன்மேல் ஒருவன் விழுந்து புரண்டார்கள். கோச் பலகையைக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டு யாரையோ முத்தமிட்டார், ரெஃபரியாகக்கூட இருக்கலாம். ஜெயித்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு மேலே ராட்சதப் பலகையில் அவர்கள் பெயர் வெற்றி என்று மின்னிக்கொண்டிருந்தது.

“தோற்றவர்கள் ஏன் ஆடுகிறார்கள்?” என்றாள் மெலிசா.

நான் வாயைத் திறப்பதற்குள் வித்யா இரண்டு ஆட்டங்களின் கூட்டலையும் திரையில் போட்டுவிட்டாள். காலையிலேயே தயாரித்து வைத்திருந்தாளாம். டேவ் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. டேவ் அதை இப்போது படித்துப் படித்து உருகினார். வித்யா நாற்காலியைத் திருப்பி மெலிசாவுக்கு மூன்றே வாக்கியத்தில் விளக்கினாள். மெலிசா திரையைப் பார்த்தாள், வித்யாவைப் பார்த்தாள். அப்போது அவள் போன் அதிர்ந்தது. பீட்சா.

அடுத்த காட்சி மேனேஜரின் கண்ணாடி அறையில். மெலிசா, மேனேஜர், நான். வெளியே வித்யா எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பார்த்ததிலேயே நல்ல எட்டு வினாடி இதுதான்,” என்றாள் மெலிசா. “ஆனால் ஸ்பான்சருக்கு ஒரு விளம்பரம் குறைந்தது நிஜம். நான் சொல்லியும் போடவில்லை என்பதும் நிஜம். இதற்கு யாரும் பதில் சொல்லாமல் நான் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க முடியாது.”

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். இருபது வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றும் சிரிக்கவில்லை. கனத்த குரலில், “ராஜ்தான் பொறுப்பு,” என்றார். “ஜூனுக்குப் பிறகு ராஜ் இந்த டெஸ்க்கில் இருக்க மாட்டார்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சிரிப்பை அடக்கியதால். நான் ஜூனில் ஓய்வு பெறுவது ஜனவரியிலேயே முடிவான விஷயம். மகள் மேற்குக் கரையில், லிவர்மோரில் இருக்கிறாள், நாங்களும் அங்கே போகிறோம். என் மனைவி பருப்பு டப்பாக்களை ஏற்கெனவே பெட்டியில் கட்டிவிட்டாள். ஆனாலும் சந்தர்ப்பத்துக்கு ஏற்ற முகம் வேண்டுமே? தலையைத் தொங்கப் போட்டு நின்றேன். திட்டு வாங்கும் ஏழடிக் கோடீஸ்வரர்களை அத்தனை வருடம் பார்த்த பயிற்சி.

மெலிசா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து, “கடுமையான நடவடிக்கை எடுக்கப்பட்டது,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

லிஃப்ட் வரை கூடப் போனேன். கதவு மூடும்போது கேட்டாள்: “லிவர்மோரில் கோடையில் ரொம்ப வெயிலாமே?”

திரும்பி வந்து வித்யாவிடம், “அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“முறுக்கு குடுக்கும்போதே சொல்லிட்டேனே. அங்கிள் ஜூன்ல ரிட்டயராகி லிவர்மோர் போறாரு, பார்ட்டிக்கு நீங்களும் வாங்கன்னு.”

காண்ட்ராக்ட் வந்தது. வித்யாவின் விசா நீட்டிப்புக்கு கம்பெனி விண்ணப்பித்தது. நான் கிளம்பும் வாரம் மெலிசா தனக்குப் பதிலாகப் பெரிய கேக் ஒன்றை அனுப்பினாள். வேலையை விட்டுத் தூக்கப்பட்டவனுக்குக் கேக் வருவது சரித்திரத்தில் முதல்முறையாக இருக்கலாம்.

ஐரோப்பாவின் ஏதோ உள்ளூர் லீக் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த மத்தியானத்தில்தான் கேக் வெட்டினோம். முடிந்ததும் தட்டோடு போய்ப் பழக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அங்கிள், எந்திரிங்க,” என்றாள் வித்யா.

“ஒரு குவார்ட்டர்மா. கடைசியா.”

“டைம் அவுட் வருது அங்கிள். இனிமே அது என் சீட்டு. எந்திரிங்க.”

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். கோச் மைக்குக்கு முன்னால் வந்து கையை வீசி ஏதோ பெரிதாக ஆரம்பித்தார். ‘போடாதே, இவர் நன்றாகத் திட்டுவார்’ என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறையக் கேக். அதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். பீட்சா ஓடியது.

நானாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன். விளம்பரம் முடிந்து அரங்கத்துக்குத் திரும்பினோம். கோச் இன்னும் அதே கையை வீசிக்கொண்டிருந்தார். ஆட்டக்காரன் ஒருவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஒன்றுமே நடந்திருக்கவில்லை. வித்யா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.